கிளாரினெட் முழுக்க கார்க் பேட் (கீ எனும் நெம்புகோலின் அடியில் இருந்து துளையை மூடும் தக்கை மெத்தை) போட்டால் கசிவே வராதா?

பரவும் தகவல்: “சவ்வு பேட் மட்டமானது. எல்லாக் கீகளுக்கும் கார்க் பேட் போட்டால் காற்று கசியாது, ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்.”

இது பாதி உண்மைகூட இல்லை. கார்க் ஈரத்துக்கு அசையாது என்பது சரிதான். அதனால்தான் தண்ணீர் சேரும் மேல் பாகத்தின் சிறு துளைகளுக்கும் ரெஜிஸ்டர் கீக்கும் (மேல் ஸ்தாயிக்கு மாற்றும் கீ) அதைப் போடுகிறார்கள். ஆனால் கார்க் அழுந்திக்கொடுக்காது. துளையின் விளிம்பில் சின்னச் சில்லு பெயர்ந்திருந்தாலும், பேட் உட்காரும் கிண்ணம் இம்மி சாய்ந்திருந்தாலும் கசியும்.

கீழ் பாகத்துப் பெரிய துளைகளில்தான் வம்பு. அங்கே ஒரே அழுத்தத்தில் இரண்டு பேட்கள் சேர்ந்து மூட வேண்டும். சவ்வு பேடின் உள்ளே இருக்கும் ஃபெல்ட் சற்றே அமுங்கி, சிறு வித்தியாசத்தைச் சமாளிக்கும். கார்க் சமாளிக்காது, ‘டக் டக்’ சத்தம் வேறு. அந்த இடத்துக்குத் தோல் அல்லது நல்ல சவ்வு பேட் போதும்.

கசிவுக்குப் பல சமயம் பொருள் காரணமே இல்லை, தடிமன்தான். தடித்த பேட் கீலுள்ள பக்கம் முதலில் தட்டி, எதிர்ப்பக்கம் திறந்தே நிற்கும். மெல்லிய சிகரெட் தாளை ஒல்லியாக வெட்டி, பேடுக்கு அடியில் வைத்து, கீயை லேசாக மூடி இழுங்கள். நான்கு பக்கமும் ஒரே பிடிப்பு வேண்டும். தளர்ந்தால் பேடைக் கிண்ணத்தில் ஒட்டியிருக்கும் அரக்கைச் சூடாக்கிப் பேடைத் திருத்தி உட்கார வையுங்கள். தீ சவ்வில் பட்டால் கருகிவிடும், கிண்ணத்துக்கு மட்டும் காட்டுங்கள்.