வானம் கொடுத்ததை வானமே பிடுங்கும்

சீனாவில் நிலநடுக்கமோ பெருவெள்ளமோ வந்துவிட்டால் போதும், ஆங்கிலக் கட்டுரைகளில் 'மேண்டேட் ஆஃப் ஹெவன்' தலைகாட்டிவிடும். ஆள்பவர்களுக்குக் கிடைத்த வானத்தின் ஆணை பறிபோய்விட்டதா என்று கேட்பார்கள். படிக்கிற நம்மில் பலர், 'ராஜா கடவுளின் பிரதிநிதி' என்ற ஐரோப்பியக் கதைதான் இது, சீன உடுப்பில் வந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். எனக்கென்னவோ இரண்டும் நேர் எதிர் என்றே படுகிறது.

அங்கே உரிமை பிறப்போடு வருவது. எவ்வளவு மோசமானவனாக இருந்தாலும் அவன்தான் ராஜா. சீனாவிலோ, கொடுத்த வானமே பிடுங்கவும் செய்யும். கி.மு. 11ஆம் நூற்றாண்டில் சோவ் குலத்தார் ஷாங் அரசை வீழ்த்தினார்கள். நேற்றுவரை ஷாங்குக்குக் கீழே இருந்தவன் இன்று எப்படி அரசன் என்று ஊர் கேட்குமே? ஷாங்கின் கடைசி அரசன் கொடுங்கோலன், வானம் அவனைக் கைவிட்டு எங்களைத் தேர்ந்தெடுத்தது என்றார்கள். அவன் குளம் நிறைய மதுவும் மரங்களில் இறைச்சியுமாகக் கூத்தடித்தான் என்று பிற்காலத்தில் கதை வளர்ந்தது. வேடிக்கை என்னவென்றால், அதற்கும் முந்தைய சியா வம்சத்தின் கடைசி அரசனைப் பற்றியும் கிட்டத்தட்ட இதே கதைதான்! தோற்றவனின் கதையை ஜெயித்தவன் எழுதுவது பின்னாளில் அரசாங்க வேலையாகவே ஆகிவிட்டது. மிங் வம்ச வரலாற்றை 1739இல் எழுதி முடித்தது, அடுத்து வந்த சிங் அரசவை.

அப்படியானால் இது ஜெயித்தவன் தனக்குத்தானே எழுதிக்கொண்ட சான்றிதழ்தானா? பாதி அப்படித்தான். ஆனால் அதில் ஒரு நிபந்தனையும் சேர்ந்தே வந்தது. வானம் என்னைத் தேர்ந்தெடுத்தது என்று சொன்ன பிறகு, மழை பொய்த்தாலும் ஆறு உடைத்துக்கொண்டாலும் பதில் சொல்லியாக வேண்டும். கி.மு. 178இல் சூரிய கிரகணம் வந்தபோது, ஹான் பேரரசர் வென், குறை தன்மேல்தான் என்று அரசாணையே வெளியிட்டார், தன் தவறுகளை எடுத்துச் சொல்லுங்கள் என்றும் கேட்டார். கிரகணத்துக்காகத் தன்மேல் பழி போட்டுக்கொண்ட அரசரை வேறு எங்கே பார்ப்பது!

மிங் வம்சத்தின் கடைசிப் பேரரசர் சோங்ஜென்னும் இப்படித் தன்னைத்தானே குற்றம் சாட்டி ஆணைகள் போட்டவர்தான். மதுக்குளம் வெட்டிய ஆளல்ல, ராப்பகலாக வேலை பார்த்தவர். சந்தேகப் பேர்வழி, அது வேறு விஷயம். ஆனால் வடக்கே வறட்சி, கஜானா காலி, எல்லையில் சிங் வம்சத்து மஞ்சுக்களின் படை. செலவைக் குறைக்க அஞ்சல் நிலையங்களில் ஆள்குறைப்பு செய்தார்கள். அப்படி வேலை போனவர்களில் ஒருவரான லீ சிச்செங் கிளர்ச்சிப் படை திரட்டி 1644இல் பெய்ஜிங்குக்குள் புகுந்தார். பேரரசர் அரண்மனைக்குப் பின்னால் இருக்கும் குன்றில் தூக்கிட்டுக்கொண்டார். சில வாரங்களில் மஞ்சுக்கள் வந்து லீயையும் துரத்தினார்கள். நாட்டை நாங்கள் மிங்கிடமிருந்து பறிக்கவில்லை, கொள்ளைக்காரர்களிடமிருந்துதான் மீட்டோம் என்றார்கள். லீ ஜெயித்து நிலைத்திருந்தால் வானம் அவர் பக்கம் இருந்ததாக எழுதியிருப்பார்கள், அவ்வளவுதான்.

அதனால்தான் ஆணை பறிபோய்விட்டதா என்று முன்கூட்டியே ஜோசியம் சொல்வது எனக்குச் சிரிப்பாக இருக்கிறது. ஆட்சி கவிழ்ந்த பிறகுதான் அது தெரியும்.

அரியணையில் இருப்பவர்களுக்கு இந்தக் கொள்கையின் முதல் பாதி இனிக்கும், இரண்டாம் பாதி கசக்கும். அரசனைக் கொல்லலாமா என்று கேட்டதற்கு, கன்பூசியஸ் வழிவந்த பழைய சீன ஞானி மென்சியஸ், அறத்தை அழித்தவன் வெறும் தனி ஆள், அப்படி ஒருவனைக் கொன்றதாகத்தான் கேள்விப்பட்டேன், அரசனைக் கொன்றதாகக் கேள்விப்படவில்லை என்று பதில் சொன்னார். மிங் வம்சத்தை நிறுவிய ஜூ யுவான்ஜாங் ஏழை விவசாயி வீட்டுப் பிள்ளை, பஞ்சத்தில் பெற்றோரைப் பறிகொடுத்து, பிச்சையெடுத்து, கிளர்ச்சிப் படையில் சேர்ந்து 1368இல் பேரரசரானவர். மென்சியஸ் சொன்னதால் அவரைவிட லாபம் அடைந்தவர் யார்? அவர்தான் 1394இல் மென்சியஸின் நூலிலிருந்து 85 பகுதிகளை வெட்டியெறியச் செய்தார். அந்தப் பகுதிகளிலிருந்து அரசுத் தேர்வில் கேள்வி கேட்கக் கூடாது என்றும் உத்தரவு.