யூ மர வில்லில் வெளிறைச் சீவிவிடாதீர்கள்

யூ என்பது வில் செய்யப் பயன்படும் ஊசியிலை மரம். அதன் வெளிறு (பட்டைக்கு அடியில் உள்ள வெளிர்நிற வெளிமரம்) பற்றி, "வெளிறு பலமில்லாதது, முழுக்கச் சீவிவிட்டு வைரத்தில் (உள்ளே இருக்கும் நடுமரத்தில்) மட்டும் வில் செய்யுங்கள்" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். கதவு, நாற்காலி செய்ய அது சரி. வெளிறைப் பூச்சி அரிக்கும். யூ மர வில்லுக்கு அப்படியே தலைகீழ்.

வில்லை இழுக்கும்போது இலக்கைப் பார்க்கும் முதுகு இழுபடுகிறது, நம்மைப் பார்க்கும் வயிறு நசுங்குகிறது. யூவின் வெளிறு இழுவிசையைத் தாங்கும். சிவந்த வைரம் அமுக்கத்தைத் தாங்கும். 1545இல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலிலிருந்து கிடைத்த நெடுவில்களும் இப்படித்தான், முதுகில் வெளிறு, வயிற்றில் வைரம்.

தடித்த வெளிறைக் கொஞ்சம் மெலிதாக்கலாம், தப்பில்லை. ஆனால் ஒரே வளர்ச்சி வளையத்தை (ஆண்டுக்கு ஒன்றாக மரத்தில் உருவாகும் அடுக்கை) பிடித்துக்கொண்டு நுனிவரை போக வேண்டும். நடுவில் வளையம் அறுந்தால், அந்த இடத்தில் ஒரு சிலாம்பு எழும்பி, வில் உடைந்துபோகலாம்.

வில் சீராக வளைய, "வளைவு ஒழுங்கில்லாத இடத்தைச் சுரண்டினால் போதும்" என்று அவர் சொன்னதும் புதியவர்களை ஏமாற்றும். அதிகம் வளையும் இடத்தைத் தொடவே கூடாது! விறைப்பாக நிற்கும் இடத்தில், அதுவும் வயிற்றுப் பக்கம் மட்டும், சுரண்ட வேண்டும். விறைப்பு தடிமனின் மூன்றாம் அடுக்குக்கு (தடிமன் × தடிமன் × தடிமன்) ஏற்ப மாறும்: தடிமன் 10 சதவீதம் குறைந்தால் விறைப்பு சுமார் 27 சதவீதம் போய்விடும். அதனால் நாலு சுரண்டல், பிறகு பாதி தூரம் பலமுறை இழுத்து விட்டுப் பார்த்து, அப்புறம்தான் அடுத்த சுரண்டல்.