ஜார்ஜ் அன்றே போயிருந்தால்

ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார் என்ற நால்வரின் பிரிட்டிஷ் ராக் குழு பீட்டில்ஸ். அதன் ரசிகர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது: கிடார் வாசித்த ஜார்ஜ் ஹாரிசன் பாதியிலேயே விலகியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். குழு அங்கேயே சிதறியிருக்கும், ஜார்ஜ் சில வருடங்கள் முன்னதாகவே விடுதலையாகி மேதையாக மலர்ந்திருப்பார். எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. குழு தாக்குப்பிடித்திருக்கும். நஷ்டப்பட்டிருப்பவர் ஜார்ஜ்தான்.

எந்த விலகலைப் பற்றிப் பேசுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1969 ஜனவரி 10 அன்று ட்விக்கன்ஹாம் படப்பிடிப்புத் தளத்திலிருந்து மதிய வேளையில் எழுந்து போனாரே, அதைச் சொல்லவில்லை. பீட்டர் ஜாக்சனின் ஆவணப்படம் வந்த பிறகு அதைப் பேசித் தீர்த்துவிட்டார்கள். நான் சொல்வது 1966. அந்தக் கோடை அவர்களுக்குக் கொடுங்கோடை. மணிலாவில் பிலிப்பைன்ஸ் அதிபரின் மனைவி இமெல்டா மார்க்கோஸின் விருந்துக்குப் போகாத குற்றத்துக்காக விமான நிலையத்தில் தள்ளுமுள்ளு. அமெரிக்காவில், ஏசுவைவிடத் தாங்கள் பிரபலம் என்று லெனன் எப்போதோ சொன்னதற்காக இசைத்தட்டுகளைக் குவித்துத் தீ வைத்தார்கள். மேடையேறினால் ரசிகர்களின் கூச்சலில் தாங்கள் வாசிப்பது தங்களுக்கே கேட்காது. ஆகஸ்ட் 29 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவின் கேண்டில்ஸ்டிக் பார்க்கில் 11 பாடல்களை அரைமணி நேரத்தில் முடித்துவிட்டு விமானம் ஏறினார்கள். டிக்கெட் விற்று நடத்திய கடைசிக் கச்சேரி அது. அந்த விமானத்தில்தான் ஜார்ஜ், இனி நான் பீட்டில் இல்லை என்று சொன்னதாக உடன் சென்றவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அப்போது அவருக்கு வயது 23.

கச்சேரிப் பயணங்கள் நின்றதோடு அந்தப் பேச்சும் அடங்கிவிட்டது. அடங்காமல் போயிருந்தால்?

உடனே கிடார் கலைஞர் எரிக் கிளாப்டனைக் கூப்பிட்டிருப்பார்கள் என்பார்கள். 1969இல் லெனன் அப்படிச் சொன்னது உண்மைதான். ஆனால் 1966 ஆகஸ்டில் கிளாப்டன் க்ரீம் என்ற தன் புதுக் குழுவைத் தொடங்கிச் சில வாரங்களே ஆகியிருந்தன. அவர் வந்திருக்க மாட்டார். வெளியாள் யாரும் தேவைப்பட்டிருக்கவும் மாட்டார்கள் என்பது என் கட்சி. 'டாக்ஸ்மேன்' ஜார்ஜ் எழுதிய பாடல், 'ரிவால்வர்' ஆல்பத்தின் முதல் பாடல். அதில் நடுவே வெறிகொண்டு பாய்கிற கிடார் தனியாவர்த்தனம் யாருடையது? பால் மெக்கார்ட்னியுடையது. அடுத்த ஆல்பமான 'சார்ஜென்ட் பெப்பர்' தலைப்புப் பாடலின் முன்னணிக் கிடாரும் அவர்தான். 'குட் மார்னிங் குட் மார்னிங்' பாட்டிலும் அவரே. 'ஷீஸ் லீவிங் ஹோம்' பாட்டில் நால்வரில் ஒருவரும் ஒரு வாத்தியத்தையும் தொடவில்லை, எல்லாம் வெளியிலிருந்து வந்த தந்தி வாத்தியக்காரர்கள். 'எ டே இன் தி லைஃப்' பாடலில் ஜார்ஜின் பங்கு என்ன தெரியுமா? மராகாஸ். கிலுகிலுப்பையை ஆட்டினார் ஐயா. ஜார்ஜின் ரசிகனாகிய நான் இதை எழுதும்போது என் கையே கூசுகிறது, ஆனால் உண்மை அதுதான்.

ஆக 1967இல் 'பெப்பர்' வந்தே இருக்கும். 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ்' பாட்டில் அந்த ஸ்வரமண்டல் சரிந்து இறங்குவது இருந்திருக்காது, 'லூசி' பாட்டில் தம்பூராவின் ரீங்காரம் இருந்திருக்காது. 'விதின் யூ விதவுட் யூ' இருந்திருக்காது. ஜார்ஜைத் தவிர வேறு எந்த பீட்டிலும் இல்லாமல், லண்டனில் இருந்த இந்திய வாத்தியக்காரர்களோடு பதிவான பாடல் அது. எனக்கு உயிர். ஆனால் அந்த இடம் வந்ததும் ஊசியைத் தூக்கி அடுத்த பாட்டில் வைக்கிறவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள்.

உண்மையான ஓட்டை 1968இல் விழுந்திருக்கும். தியான குரு மகரிஷி மகேஷ் யோகியின் பக்கம் முதலில் போனவர் ஜார்ஜின் மனைவி பேட்டி பாய்ட். ஜார்ஜ் வழியாகத்தான் மற்றவர்களுக்கு அந்தப் பித்து பிடித்தது. ஜார்ஜ் இல்லை என்றால் ரிஷிகேஷ் இல்லை. ரிஷிகேஷ் இல்லை என்றால், தொலைபேசியும் தொந்தரவும் இல்லாத கங்கைக் கரையில் கையில் ஒற்றைக் கிடாரோடு உட்கார்ந்து அவர்கள் எழுதிக் குவித்த பாடல்கள் இல்லை. 'வெள்ளை ஆல்பம்' பாதியாகச் சுருங்கியிருக்கும். பாதி ஆல்பமே போதும் என்று சொல்கிறவர்களும் உண்டு. அந்தச் சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

பிரிவு? அது அதே 1969–70இல்தான் வந்திருக்கும். மேலாளராக ஆலன் கிளைன் வேண்டுமா வேண்டாமா என்ற தகராறில் பால் ஒரு பக்கம், மற்ற மூவர் மறுபக்கம். ஜார்ஜைக் கழித்தால் கணக்கு இரண்டுக்கு ஒன்று, அவ்வளவுதான். எப்படியும் வழக்கு நீதிமன்றத்துக்குப் போயிருக்கும். கீபோர்டு கலைஞர் பில்லி பிரஸ்டனை உள்ளே அழைத்து வந்து 1969 ஜனவரிப் பதிவுகளைக் காப்பாற்றிய கை இருந்திருக்காது என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

இனி ஜார்ஜின் கணக்கைப் பார்ப்போம். 1966 ஆகஸ்ட் வரை அவர் எழுதி பீட்டில்ஸ் பெயரில் வெளிவந்த பாடல்கள் எட்டே எட்டு. செப்டம்பரில் பம்பாய்க்கு வந்தார், ரவிசங்கரிடம் சிதார் கற்க. தாஜ் ஹோட்டலில் இருப்பது வெளியே தெரிந்து கூட்டம் கூடிவிட, காஷ்மீரில் படகு வீட்டுக்குப் போய்ப் பயிற்சி செய்தார். குழுவை விட்டிருந்தால் அங்கேயே தங்கியிருப்பார், அல்லது மனத்தளவில் தங்கியிருப்பார். 22 வயதில் சிதாரைத் தொட்டவர், சரணடைந்த சீடர், நல்ல மனிதர். ஆனால் சிதார் கலைஞர்? நம் ஊரில் ஐந்து வயதில் சரளிவரிசை ஆரம்பித்தவர்களே சபாவின் மதிய நேரக் கச்சேரிக்குக் காத்திருக்கிறார்கள். இது ஜார்ஜுக்கே தெரிந்துதான் 1968இல் சிதாரை வைத்துவிட்டு கிடாருக்குத் திரும்பினார்.

திரும்புவதற்கு ஓர் இடம் இருந்தது. அதுதான் விஷயம். அந்த இடத்தில் லெனனும் மெக்கார்ட்னியும் உட்கார்ந்திருந்தார்கள், ஆல்பத்துக்கு ஒன்றோ இரண்டோ மூன்றோ என்று ரேஷன் கடைபோல அளந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த அளப்பு அநியாயம்தான். ஆனால் அந்த இருவரும் எழுதுவதைப் பக்கத்திலிருந்து பார்த்து, அதற்கு ஈடாக ஒன்றைக் கொண்டுபோனால்தான் காது கொடுப்பார்கள் என்ற நிலையில் மூன்று வருடம் இருந்தவர்தான் 'சம்திங்' எழுதினார். 1970இல் 'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்' மூன்று இசைத்தட்டுகளாக வெளிவந்ததே, அணை நிரம்பாமல் அப்படித் திறந்துவிட முடியுமா?

எதிர்க்கட்சியினர் உடனே 'இஸன்ட் இட் எ பிட்டி' என்பார்கள். 1966வாக்கில் எழுதி, லெனன் வேண்டாமென்று ஒதுக்கிய பாடல் என்று ஜார்ஜே நினைவுகூர்ந்தது. நியாயமான அடிதான், வாங்கிக்கொள்கிறேன். ஆனால் நாம் கேட்பது 1970இல் பதிவான ஏழு நிமிடப் பாட்டு. நான்கு வருடம் ஊறியது. காயம் பட்டவுடன் பாடினால் அது வேறு பாட்டாக இருந்திருக்கும்.

பிங்க் ஃபிளாய்டின் சிட் பாரெட்டை நினைத்துப் பாருங்கள். 1968இல் அவர் இல்லாமல் குழு நடந்தது, பிறகு உலகையே ஆண்டது. அவர் 1970இல் இரண்டு ஆல்பம் போட்டுவிட்டு மௌனமாகிவிட்டார். மனநலம், போதை என்று அவருடைய காரணங்கள் வேறு, ஒப்பிடுவது முழு நியாயமில்லை. இருந்தாலும் குழு என்கிற மிருகம் ஓர் ஆளை இழந்தாலும் நடக்கும் என்பதற்கு அதைவிடச் சான்று எதற்கு?

1971 ஆகஸ்ட் 1. ரவிசங்கர் கேட்டுக்கொண்டதற்காக, வங்கதேச அகதிகளுக்காக, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஒரே நாளில் இரண்டு கச்சேரிகள். டிலன், கிளாப்டன், ரிங்கோ எல்லோரும் ஒரு தொலைபேசி அழைப்பில் வந்தார்கள். ஐந்து வருடங்களுக்கு முன்பே ஒதுங்கிப்போன ஒரு முன்னாள் பீட்டில் கூப்பிட்டிருந்தால் வந்திருப்பார்களா? ரிங்கோ வந்திருப்பார். ரிங்கோ எதற்கும் வருவார்.

இதிலெல்லாம் எனக்கு ஒரு தடுமாற்றமும் உண்டு. 1996இல் ரவிசங்கரின் 'சாண்ட்ஸ் ஆஃப் இந்தியா' பதிவுக்காக ஜார்ஜ் நம் சென்னைக்கு வந்தார், அதற்குத் தயாரிப்பாளர் அவர்தான். வேத மந்திரங்களைப் பதிவு செய்துகொண்டிருந்த அந்த ஐம்பத்து மூன்று வயது மனிதர், 1966இல் விலகியிருந்தாலும் அதே ஸ்டூடியோவில்தான் வந்து நின்றிருப்பாரோ என்று சில சமயம் தோன்றும். பாடகர் ஜார்ஜுக்குத்தான் அந்த மூன்று வருடம் தேவைப்பட்டது, பக்தர் ஜார்ஜுக்கு இல்லை.

ஆனால் 'ஹியர் கம்ஸ் தி சன்' பாட்டை நினைத்ததும் பழைய இடத்துக்கே வந்துவிடுகிறேன். பீட்டில்ஸ் பாடல்களில் இன்று ஸ்பாட்டிஃபையில் அதிகம் கேட்கப்படுவது லெனனுடையதும் அல்ல, மெக்கார்ட்னியுடையதும் அல்ல, இதுதான். 1969 வசந்தத்தில், பீட்டில்ஸின் சொந்த நிறுவனமான ஆப்பிளில் கணக்கு வழக்குக் கூட்டம், கையெழுத்துப் போடு, இதில் போடு, அதில் போடு என்று நச்சரிப்பு. ஒரு நாள் ஜார்ஜ் மட்டம் போட்டுவிட்டு கிளாப்டனின் வீட்டுக்குப் போனார். அவருடைய கிடார் ஒன்றை வாங்கிக்கொண்டு தோட்டத்தில் நடந்தார், வெயில் அடித்தது, பாட்டு வந்தது. 1966லேயே ராஜினாமா செய்திருந்தால் எந்த அலுவலகத்துக்கு மட்டம் போட்டிருப்பார்?