மாலையில் மணி அடிக்கிறது, பள்ளி முடிவதில்லை

நேற்று இரவு 9.47-க்கு எங்கள் ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. "மிக அவசரம். இணைப்பில் உள்ள படிவத்தை நிரப்பி நாளை காலை 9 மணிக்குள் அனுப்பவும். அனுப்பாத பள்ளிகளின் பட்டியல் மேலிடத்துக்கு அனுப்பப்படும்." திறந்து பார்த்தேன். பள்ளியில் கழிப்பறைகள் எத்தனை, குடிநீர்க் குழாய்கள் எத்தனை, சுற்றுச்சுவரின் நீளம் எவ்வளவு என்று கேட்டிருந்தார்கள். ஜூன் மாதம் கொடுத்தோம், ஆகஸ்டில் மீண்டும் கொடுத்தோம். அதற்குப் பிறகு எங்கள் பள்ளியில் ஒரு குழாய்கூட முளைக்கவில்லை, சுவரும் வளரவில்லை. ஆனாலும் ஐந்து நிமிடத்துக்குள் குழுவில் "சரிங்க ஐயா", "நன்றிங்க ஐயா" என்று வரிசையாகப் பதில்கள் வந்து விழுந்தன. இந்த நேரத்தில் ஏன் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நானும் கும்பிட்ட கைகளைத்தான் அனுப்பினேன். அந்தக் கைகள் இரவெல்லாம் என்னை உறுத்திக்கொண்டிருந்தன. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் உசிலம்பட்டிப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியை. ஆரப்பாளையத்தில் ஏழு மணிப் பேருந்தைப் பிடித்து, செக்கானூரணியைத் தாண்டி இறங்கி, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் ஊருக்குள் போகவேண்டும். பள்ளியில் தலைமையாசிரியரும் நானும் மட்டும்தான். நான்கும் ஐந்தும் அவருக்கு, ஒன்று முதல் மூன்று வரை எனக்கு. 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்வதால் இதில் விதிமீறல் எதுவும் இல்லை. ஆனால் அந்த இரண்டு பேரில் ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போய்விட்டால் ஐந்து வகுப்புகளும் ஒரே குரலை நம்பி உட்கார்ந்திருக்கும். அந்தக் குரல் மாலையில் வீட்டுக்கு வந்து தன் மகளிடம் பேசவும் மிஞ்சுவதில்லை.

பத்து நாள்களுக்கு முன் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். இரண்டாம் வகுப்பில் ஒரு பிள்ளை இருக்கிறாள். தொடக்க வகுப்புகளில் அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்றுத்தரும் அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கிறோம் அல்லவா, அவள் முதல் நிலையான அரும்பிலேயே நின்றுகொண்டிருந்தாள். றன்னகரத்துக்கும் டண்ணகரத்துக்கும் சுழியை விரலால் எண்ணி எண்ணிப் பார்ப்பாள். எழுத்தைத் தனியாகச் சொல்வாள், சேர்த்துப் படிக்க வராது. அன்று காலை என் மடியருகே உட்கார்ந்து "ம... ர... ம்" என்று மூன்று முறை சொன்னாள். நான்காவது முறை மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு "மரம்" என்றாள். சொல்லிவிட்டு ஜன்னல் வழியாக வெளியே நின்ற வேப்பமரத்தைப் பார்த்தாள். எழுத்து பொருளாக மாறும் அந்தக் கணத்துக்காகத்தான் நான் பதினாறு வருடமாகப் பேருந்து ஏறுகிறேன். அடுத்த சொல்லைக் காட்டப் போனபோது கைபேசி அடித்தது. தூய்மை உறுதிமொழி எடுக்கும் படம், இடமும் நேரமும் தெரிகிற மாதிரி, பதினொரு மணிக்குள் வேண்டுமாம். பிள்ளைகளை வெளியே வரிசையாக நிறுத்தி, கை நீட்டச் சொல்லி, சிக்னல் கிடைக்காமல் தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறி நின்று, படத்தை ஏற்றி முடித்துத் திரும்பியபோது நாற்பது நிமிடம் போயிருந்தது. அவள் நோட்டை மூடிவைத்துவிட்டு ஜன்னல் கம்பியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். மறுநாள் மறுபடியும் "ம... ர... ம்" என்று முதலிலிருந்து தொடங்கினோம்.

என்னைக் களைப்படையச் செய்வது பிள்ளைகள் அல்லர். மூன்று வகுப்பை ஒரே அறையில் வைத்துக்கொண்டு நாள் முழுக்கத் தொண்டை வறளக் கத்தினாலும் ஒரு டம்ளர் மோரும் ஒரு நல்ல தூக்கமும் அதைத் தீர்த்துவிடும். கற்பித்ததற்குச் சான்று காட்டுவதற்காகக் கற்பித்தலை நிறுத்தவேண்டியிருக்கிறதே, அந்த அவமானம் தூங்கினாலும் தீருவதில்லை.

நான் திட்டங்களுக்கு எதிரி என்று யாரும் நினைக்கவேண்டாம். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று நம் மதுரையில்தான் தொடங்கப்பட்டது. அது எங்கள் ஊர்ப் பள்ளிக்கும் வருவதற்கு முன் பத்து மணிக்கே பசியில் சுருண்டு படுத்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன், இப்போது பார்ப்பதில்லை. தேர்தல் பணிக்கும் நான் முகம் சுளித்ததில்லை. 2019 ஏப்ரல் 18 அன்று சித்திரைத் தேரோட்டமும் வாக்குப்பதிவும் ஒரே நாளில் வந்ததால் மதுரைத் தொகுதியில் இரவு 8 மணி வரை வாக்குப்பதிவு நடந்தது பலருக்கும் நினைவிருக்கும். அன்று நான் வாக்குச்சாவடியில் இருந்தேன். இயந்திரங்களை ஒப்படைத்து, கணக்கு முடித்து, விடியற்காலையில் வீட்டுப் படியேறியபோது அழகர் வைகையில் இறங்கிக்கொண்டிருந்தார்; நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் தூங்கிப்போனேன். அதில் எனக்கு வருத்தமில்லை, அது நாட்டுக்கான வேலை. பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றைத் தவிர வேறு எந்தக் கல்விசாராப் பணிக்கும் ஆசிரியரை அனுப்பக்கூடாது என்று 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. அந்த மூன்றையும் செய்துகொண்டுதான் இருக்கிறோம். சுற்றுச்சுவரை மூன்றாவது முறை அளப்பது இந்த மூன்றில் எதற்குள் வருகிறது?

அதே சட்டத்தின் அட்டவணை, பாடத் தயாரிப்பையும் சேர்த்து ஆசிரியருக்கு வாரம் 45 மணி நேரம் என்று வகுத்திருக்கிறது. சென்ற மாதம் ஒரு வாரம் முழுக்க, பேருந்து நேரத்தைச் சேர்க்காமல், வேலை செய்த நேரத்தை மட்டும் ஒரு நோட்டில் குறித்துவந்தேன். வியாழன் இரவே 45 தாண்டிவிட்டது. அதில் பாடத் தயாரிப்புக்கு நான் ஒதுக்க முடிந்தது பேருந்தில் உட்கார இடம் கிடைத்த நாள்களில் கிடைத்த நேரம் மட்டும்தான்.

இந்த நிலையில் எங்களுக்கு மன அழுத்த மேலாண்மைப் பயிற்சி கொடுத்தார்கள். சனிக்கிழமை கொடுத்தார்கள். வாரத்தில் துணி துவைக்கவும் மகளின் கணக்கு நோட்டைப் பார்க்கவும் எனக்கு மிச்சமிருந்த ஒரு நாளைப் பறித்துக்கொண்டு, மூச்சை உள்ளே இழுங்கள், நேர்மறையாகச் சிந்தியுங்கள், குடும்பத்துடன் நேரம் செலவிடுங்கள் என்று மேடையிலிருந்து சொன்னார்கள். முடிந்ததும் வருகையையும் கருத்துப் படிவத்தையும் அன்றிரவுக்குள் இணையத்தில் ஏற்றச் சொன்னார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா ஒருவர், ஓய்வுபெற இரண்டு வருடம் இருப்பவர், என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். மாமியாரை மருத்துவமனையில் விட்டுவிட்டு வந்திருந்தார்.

பணிச்சோர்வு எங்கள் பலவீனம் என்று சொல்லாமல் சொல்லும் பேச்சை இனி நான் கேட்டுக்கொண்டிருக்கப் போவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் இதற்கு விளக்கம் கொடுத்தபோது நோய் என்று சொல்லவில்லை; பணியிடத்தில் சரிவரக் கையாளப்படாமல் நீடிக்கும் அழுத்தத்தின் விளைவு என்றது. உடலும் மனமும் வற்றிப்போவது, செய்யும் வேலையிலிருந்து மனம் விலகிப்போவது, நம்மால் எதுவும் ஆகாது என்று தோன்றுவது என மூன்று அடையாளங்களையும் சொன்னது. இந்த மூன்றில் இரண்டாவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. போன வாரம் ஒரு பையன் விழுந்த பல்லைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு என்னிடம் காட்ட ஓடிவந்தான். நான் திரையைப் பார்த்தபடியே "போய் உட்காரு" என்றேன். பழைய நான் அப்படிச் சொல்லியிருக்கமாட்டேன்.

"வாத்தியார் வேலைக்கு என்ன, நாலு மணிக்கு வீடு, மே மாதம் லீவு" என்று டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் சொல்பவர்களே, ஒரே ஒரு நாள் எங்கள் பள்ளிக்கு வந்து உட்காருங்கள். தனியார் பள்ளியில் இருக்கும் என் தங்கைக்கு அந்த மே மாதமும் கிடையாது. கொதிக்கும் வெயிலில் வீடு வீடாகப் போய்ச் சேர்க்கைக்கு ஆள் பிடிக்கிறாள், என் சம்பளத்தில் கால்வாசி அவளுக்கு இல்லை.

என் அளவில் சிலவற்றை மாற்றிக்கொண்டேன். நோட்டுகளை மூட்டை கட்டி வீட்டுக்குத் தூக்கிவருவதை நிறுத்திவிட்டு, பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே வகுப்பிலேயே திருத்துகிறேன். தன் தப்பு எங்கே என்று பிள்ளைக்கும் அப்போதே தெரிகிறது. கேட்கப்படும் விவரங்கள் எல்லாவற்றையும் ஒரே நாற்பது பக்க நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன், தேடுகிற நேரம் மிச்சம். மாலை ஏழு மணிக்கு மேல் அலுவல் குழுவைத் திறப்பதில்லை என்று தலைமையாசிரியரிடம் நேரில் சொன்னேன். மழைக்கால விடுமுறை போன்ற உண்மையான அவசரம் என்றால் சார் போன் செய்வார். முதல் வாரம் "பதில் தராதவர்கள்" பட்டியலில் என் பள்ளியின் பெயர் வந்தது, கை நடுங்கியது உண்மைதான். வானம் இடிந்து விழவில்லை. மறுநாள் பத்து நிமிடத்தில் நிரப்பி அனுப்பினேன், அத்தோடு பட்டியலும் போய்விட்டது. அப்படியிருந்தும் நேற்று இரவு பழைய பயத்தில் என் கை தானாகக் குழுவைத் திறந்துவிட்டது.

ஆகவே தனியாளாக இது முடிகிற காரியம் அல்ல என்று தெரிந்துகொண்டேன். கொடுத்த விவரத்தை மறுபடி கேட்காதீர்கள். விவரம் வேண்டுமென்றால் மூன்று வேலை நாள் அவகாசம் கொடுங்கள். மாலை ஆறு மணிக்கு மேல் பேரிடர் தவிர எந்தச் செய்தியும் வேண்டாம். பயிற்சிகளைச் சனிக்கிழமை வைக்காதீர்கள். பத்துப் பள்ளிக்கு ஒருவராவது பதிவு வேலைக்கென்றே ஓர் ஆளைப் போடுங்கள். இவற்றை ஒரு மனுவாக எழுதி எங்கள் ஒன்றியத்தில் பள்ளி பள்ளியாகக் கொண்டுபோகிறேன். இதுவரை பதினொரு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். முதல் கையெழுத்து அந்த அக்காவுடையது.