தபால் பையைத் தொட மறுத்தவர்கள்

வேலைநிறுத்தம் செய்யத்தான் சட்டம் விடுகிறதே, அப்புறம் என்ன குறை என்று யாராவது கேட்டால் நான் கிரன்விக் கதையைச் சொல்வேன்.

1976 ஆகஸ்ட். லண்டன் வில்ஸ்டன் பகுதியில் ஃபிலிம் கழுவி பிரிண்ட் போட்டுத் தரும் கம்பெனி அது. வேலை செய்தவர்களில் பலர் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த குஜராத்திப் பெண்கள். சம்பளம் குறைவு. கழிப்பறைக்குப் போகவும் அனுமதி கேட்க வேண்டும். ஓவர்டைம் தகராறில் ஒருநாள் ஜெயாபென் தேசாய் வெளியே வந்தார். நாலடி பத்தங்குல உயரம், சேலை, கையில் ஒரு பை. பின்னாலேயே மற்றவர்களும் வந்து சங்கத்தில் சேர்ந்தார்கள். 137 பேரையும் கம்பெனி நீக்கியது.

தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். வேலைநிறுத்தம் செய்தவர்களில் சிலரை மட்டும் பொறுக்கி நீக்கியிருந்தால் விசாரிக்கலாம், அவர்கள் எல்லோரையும் நீக்கிவிட்டதால் எங்களுக்கு அதிகாரமில்லை என்று கைவிரித்தது. இதைப் படித்தபோது வந்த கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை. ஒருத்தியை நீக்கினால் கேள்வி உண்டு, அத்தனை பேரையும் நீக்கினால் கிடையாது!

சரி, சங்கத்துக்காவது அங்கீகாரம் வாங்கலாம் என்று 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏகாஸ் என்ற சமரச அமைப்பிடம் போனார்கள். தொழிலாளர்களின் கருத்தைக் கேட்டறிவது அதன் கடமை. உள்ளே வேலை செய்பவர்களின் பெயர், முகவரியைத் தர முதலாளி மறுத்தார். வெளியே நின்றவர்களை மட்டும் கேட்டு, அங்கீகரிக்கலாம் என்று ஏகாஸ் பரிந்துரைத்தது. உள்ளே இருப்பவர்களைக் கேட்காத அறிக்கை செல்லாது என்று 1977 டிசம்பரில், அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. கேட்கவிடாமல் தடுத்தவரே ஜெயித்தார்.

இந்தப் பெண்கள் வேலையை நிறுத்தினால் மறுநாளே வேறு ஆள் கிடைக்கும். ஆனால் ஃபிலிம் சுருள் வருவதும் படம் போவதும் தபாலில்தான். கிரிக்கிள்வுட் தபால் ஊழியர்கள் அந்தப் பைகளைத் தொட மறுத்தபோதுதான் கம்பெனி ஆடிப்போனது. வழக்கு மிரட்டலில் அந்தக் கையும் பின்வாங்கியது. தொழிற்சங்கத் தலைமை கைவிட்டதாகச் சொல்லி உண்ணாவிரதம் இருந்தவர்களை அவர்களுடைய சங்கமே இடைநீக்கம் செய்தது. 1978 ஜூலையில் போராட்டம் தோல்வியில் முடிந்தது.

அடுத்து வந்த சட்டங்கள் குறிவைத்தது அந்தத் தபால்காரர்கள் கொடுத்த பலத்தைத்தான் என்பது என் கருத்து. பிறர் வாசலில் மறியல் செய்வதற்கு 1980ல் கடிவாளம் போட்டார்கள். 1990ல், வேறு கம்பெனித் தொழிலாளர்களுக்காகச் செய்யும் ஆதரவு வேலைநிறுத்தத்துக்கு இருந்த சட்டப் பாதுகாப்பு மொத்தமாகப் போனது.

2005 ஆகஸ்டில் ஹீத்ரோவில், விமானச் சாப்பாடு தயாரிக்கும் கேட் கூர்மே கம்பெனி 600க்கும் மேற்பட்டவர்களை நீக்கியது. பலர் சவுத்தால் பகுதியின் பஞ்சாபிப் பெண்கள். பிரிட்டிஷ் ஏர்வேஸில் சாமான் ஏற்றுபவர்கள் அவர்களுக்காக வேலையை நிறுத்தினார்கள். அவர்களில் பலர் இந்தப் பெண்களின் உறவுக்காரர்கள், அதே தெருக்காரர்கள். விமானங்கள் தரையிலேயே நின்றன. ஆனால் அந்த ஆதரவு இப்போது சட்டவிரோதம். திரும்பிப் போங்கள் என்று சங்கமே சொல்ல வேண்டியிருந்தது. ஓரிரு நாளில் விமானங்கள் மறுபடி பறந்தன. அந்தப் பெண்கள் சாலையோரத்தில் பதாகையோடு நின்றுகொண்டிருந்தார்கள்.