மலை இறங்கும்போது பின்னாடி நின்னு ஹாரன் அடிக்கிறவங்களுக்கு

மூணு நாளாச்சு, இன்னும் ஆத்திரம் அடங்கல. மலை ஏறி, பனியெல்லாம் தாண்டி, அப்புறம் வளைஞ்சு வளைஞ்சு கடற்கரை ஊருக்கு இறங்குற ரோடு. இறங்கும்போது ஏதோ ஒரு வளைவுல மரமெல்லாம் விலகி தூரத்துல கடல் தெரியும் பாருங்க, அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் நேர் ரோட்ட விட்டுட்டு இந்த சுத்து வழியவே எடுத்தது. அந்த வளைவும் வந்துச்சு. "அப்பா கடல், அப்பா கடல்"னு பின்சீட்ல பாப்பா கத்துறா. நான் பாக்கல. பாக்க முடியல. என் கண்ணு முழுக்க கண்ணாடில இருந்துச்சு, ஏன்னா பின்னாடி ஒருத்தர் ஹெட்லைட் கூட எனக்குத் தெரியாத அளவுக்கு முட்டிக்கிட்டு, ஹாரன்ல வச்ச கைய எடுக்காம வந்துட்டு இருந்தார்.

நான் என்ன தப்பு பண்ணேன்? செகண்ட் கியர்ல இறங்குனேன், சின்ன கியர்ல இன்ஜினே வண்டிய இழுத்துப் பிடிக்கும், பிரேக்க மிதிச்சுக்கிட்டே இருக்க வேண்டாம். அவ்ளோதான். ஏறுற கியர்லயே இறங்குன்னு பழைய டிரைவருங்க எல்லாரும் சொல்லிக் கொடுக்குறது இதத்தானே. ஒதுங்க இடம் கெடைச்ச ரெண்டு தடவையும் இண்டிகேட்டர் போட்டு ஒதுங்கி நாலஞ்சு வண்டிய விட்டேன், அதுக்கப்புறம் வந்தவர் இவர், அடுத்த இடம் வர்ற வரைக்கும் பொறுக்க முடியல இவரால.

கொஞ்சம் கணக்கு போட்டுப் பாருங்க. 1500 கிலோ வண்டி 1000 மீட்டர் உயரம் இறங்குதுன்னா, அந்த சக்தி எங்கயாவது போய்த்தானே ஆகணும்? மொத்தத்தையும் பிரேக்லயே வாங்குனா, சாதாரண தண்ணி 50 லிட்டர கொதிக்கிற நிலைக்குக் கொண்டு வர்ற அளவு சூடு அந்த நாலு சக்கரத்துக்குள்ள போகுது. காத்து கொஞ்சம் ஆத்தும், ஆனா கால எடுக்காம பெடல்லயே வச்சிருந்தா எப்ப ஆறும்? சக்கரத்தப் புடிச்சு நிறுத்துற பிரேக் பேட் சூடேறி பிடிப்பு விட்டுப் போகும். அதோட நிக்காது. பிரேக் ஆயில் காத்துல இருக்குற ஈரத்த இழுக்கும், டாட் 4-ங்கிற ரக ஆயில் புதுசா இருந்தா கொதிக்க 230 டிகிரியாவது வேணும், ஈரம் ஏறிட்டா 155 டிகிரியிலயே கொதிக்கலாம். கொதிச்சா உள்ள ஆவி. ஆவிய அமுக்கினா அமுங்கும், அதனால பெடல் பஞ்சு மாதிரி தரை வரைக்கும் போகும், வண்டி நிக்காது. கொண்டை ஊசி வளைவு முன்னாடி நிக்குது, பெடல் தரைல கிடக்குது, அந்த நேரத்துல என்ன பண்ணுவீங்க சொல்லுங்க?

இதுல இன்னொரு கூட்டம் நியூட்ரல்ல விட்டு இறங்குது, கேட்டா பெட்ரோல் மிச்சமாம். இப்ப வர்ற, எரிபொருள கம்ப்யூட்டர் அளந்து விடுற இன்ஜெக்ஷன் வண்டிங்கள்ல கியர்ல வச்சு ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுத்தா, இன்ஜின் வேகமா சுத்திக்கிட்டு இருக்குற வரைக்கும் எரிபொருள் போறதே நின்னுடும், நியூட்ரல்ல போட்டாத்தான் இன்ஜின் அணையாம சும்மா ஓடுறதுக்கு எரிச்சிக்கிட்டே இருக்கும். அதாவது இல்லாத லாபத்துக்காக உயிர வைக்கிறாங்க. இன்ஜினையே ஆஃப் பண்றவங்களும் இருக்காங்க, பெடல லேசாக்குற பிரேக் பூஸ்டரும் பவர் ஸ்டியரிங்கும் அதோட சேந்து போயிடும்னு யாராச்சும் அவங்களுக்கு சொல்லுங்கய்யா. ஆட்டோமேட்டிக் வண்டின்னா சின்ன கியர்ல வைக்க 'எல்'னு ஒண்ணு இருக்கும், இல்ல கியர நாமளே மாத்துற மேனுவல் மோட் இருக்கும், அது எதுக்கு இருக்குன்னு ஒரு தடவ வண்டியோட வந்த புத்தகத்த எடுத்துப் படிச்சா என்ன?

சரி, நம்மாளு கதைக்கு வரேன். எதுத்தாப்புல என்ன வருதுன்னே தெரியாத வளைவுல ஏறி என்ன முந்துனார். கீழ இருந்து ஆளுங்கள ஏத்திக்கிட்டு ஒரு பஸ் ஏறி வருது. ஏறுற வண்டிக்குத்தான் வழி விடணும், பாரத்தோட ஏத்தத்துல நின்னா மறுபடி எடுக்குறது எவ்ளோ கஷ்டம், பின்னாடி உருளும். அந்த பஸ் டிரைவர் நட்டநடு ஏத்தத்துல மிதிச்சு நிறுத்துனார், நான் ஓரத்துச் சுவரோட ஒட்டி நிறுத்துனேன், இவர் நடுவுல நுழைஞ்சு போயிட்டார். முன்னாடி போன அவர் வண்டில இருந்து கருகுன வாசனை, ஜன்னல ஏத்தியும் போகல. பாப்பா அழ ஆரம்பிச்சிட்டா.

அடிவாரத்துல பாத்தா அதே வண்டி ஓரமா நிக்குது, முன் சக்கரத்துல புகை. அவர் பாட்டில் தண்ணிய எடுத்து ஊத்தப் போறார். ஓடிப் போய் கையப் புடிச்சேன், ஊத்தாதீங்க சார், சூடா இருக்குற பிரேக் டிஸ்க்ல பச்சத்தண்ணி பட்டா விரிசல் விடலாம், அரை மணி நேரம் தானா ஆறட்டும்னேன். அவர் சொல்றார், "பிரேக்கே சரியில்லாத வண்டிய தலைல கட்டிட்டானுங்க." உள்ள ரெண்டு சின்னப் பசங்க, ஒரு வயசான அம்மா. அவங்க முகத்தப் பாத்ததும் திட்ட வந்த வாய் அடைச்சிக்கிச்சு. வண்டில ஒரு கோளாறும் இல்ல சார், மேல இருந்து கீழ வரைக்கும் கால எடுக்காம மிதிச்சிருக்கீங்கன்னு மட்டும் சொன்னேன். தலையாட்டுனார், கேட்டாரான்னு தெரியல.

திரும்பும்போது அந்த வளைவுக்கிட்ட ஒதுங்குற இடத்துல நிறுத்தி பாப்பாவோட நின்னு பாக்கலாம்னு வந்தேன். முழுக்க பனிமூட்டம். பத்தடி தள்ளி ஒண்ணும் தெரியல.