விடச் சொன்னது சரி, குடிக்கச் சொன்னதுதான் இடிக்கிறது

குமரி மாவட்டத்தில், கேரள எல்லையோரம் மார்த்தாண்டத்துக்கும் களியக்காவிளைக்கும் நடுவில் குடியிருப்பவனுக்கு உடம்பு சுகமில்லை என்றால் ஆலோசனைக்குப் பஞ்சமே கிடையாது. இந்தப் பக்கம் வர்ம ஆசானும் சித்த வைத்தியரும். எல்லைக்கு அப்பால் பாறசாலை தாண்டினால் ஆயுர்வேத மருந்துக் கடைகள். போதாததற்கு விடிந்ததும் வாட்ஸ்அப்பில் இயற்கை வைத்தியம். மூன்றையும் ஒரே நேரத்தில் கலந்து அடிப்பதில் எங்கள் ஆட்கள் சூரர்கள்.

இப்போது எங்கே போனாலும் கல்லீரல் பேச்சுதான். ஸ்கேன் எடுத்தவர்களில் பாதிப் பேர் கையில் 'ஃபேட்டி லிவர், கிரேடு ஒன்று' என்று ஒரு சீட்டு, அதாவது கல்லீரலில் கொழுப்பு, ஆரம்ப நிலை. உடனே யாராவது சொல்வார்கள்: "உடம்பு பூரா நச்சு மக்கா, லிவரைக் கழுவணும்."

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் இயற்கை வைத்தியத்துக்கு எதிரி இல்லை. இயற்கை வைத்தியர்கள் விடச் சொல்வதெல்லாம் ஏறக்குறைய சரி. குடியை விடு, ராத்திரி பரோட்டாவை விடு, பேக்கரிச் சாயாவில் மூன்று கரண்டி சீனியை விடு, கொஞ்சம் நட. கல்லீரல் டாக்டரும் இதையேதான் சொல்கிறார். உடல் எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் கல்லீரலில் படிந்த கொழுப்பும் வீக்கமும் குறையும். 80 கிலோ ஆள் ஆறு, ஏழு கிலோ இறங்கினால் போதும். இதற்கு இணையான மருந்து எந்தக் கடையிலும் பாட்டிலில் கிடையாது. (காப்பியை மட்டும் ஏன் விடச் சொல்கிறார்களோ. பாலும் சீனியும் போடாத கட்டன் காப்பி கல்லீரலுக்கு நல்லது என்றுதான் ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன.)

விடச் சொல்லி முடித்துவிட்டுக் குடிக்கச் சொல்ல ஆரம்பிக்கிறார்களே, அங்கேதான் இடிக்கிறது.

'கழிவின் தேக்கமே நோய்' என்பதை நம் முன்னோர் வாக்கு என்று பலர் நினைக்கிறார்கள். இன்று நாம் கேட்கும் வடிவத்தில் அது 19ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில், லைப்சிக் நகரத்தில் தொட்டிக் குளியல் வைத்தியம் செய்த லூயி கூனேயின் கொள்கை. எல்லா நோயும் ஒன்றே, உடம்பில் தேங்கிய அந்நியப் பொருளே காரணம் என்றார். காந்தி அவரைப் படித்துவிட்டுத் தென்னாப்பிரிக்காவிலேயே தொட்டிக் குளியல் போட்டார். பிற்பாடு 1946இல் புனே பக்கம் உருளிகாஞ்சனில் இயற்கை மருத்துவ ஆசிரமமும் தொடங்கினார். ஜெர்மனியிலிருந்து வந்தது என்பதற்காகத் தப்பாகிவிடாது. ஆனால் 'எந்த நச்சு, பெயர் சொல்லுங்கள்' என்று கேட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. கொழுப்பில் கரைகிறதைத் தண்ணீரில் கரைகிறதாக மாற்றி, பித்தத்திலும் சிறுநீரிலும் தள்ளிவிடுவது கல்லீரலின் அன்றாட வேலை. அது அழுக்கு சேர்த்து வைக்கும் சாக்கு இல்லை.

எங்கள் மாமா ஒருவர் ஆன்லைன் வகுப்பில் பார்த்துக் கல்லீரல் சுத்திகரிப்பு செய்தார். சில நாள் ஆப்பிள் சாறு, பிறகு பேதியாக்கும் எப்சம் உப்புக் கரைசல், கடைசி ராத்திரி ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும். மறுநாள் காலை ஒரு படம் அனுப்பினார். சாயா வடிகட்டியில் கழுவி வைத்த பச்சை உருண்டைகள், பக்கத்தில் அளவு தெரிய ஒரு ரூபாய்த் துட்டு. "பாத்தியா, இவ்வளவு கல்லும் உள்ளே கிடந்திருக்கு!" 2005இல் லான்செட் மருத்துவ இதழில் இதே மாதிரி 'கற்களை'ச் சோதித்து எழுதியிருந்தார்கள். கொழுப்பு அமிலம்தான் ஏறக்குறைய முக்கால் பங்கு. கொலஸ்டிராலும் இல்லை, கால்சியமும் இல்லை. குடித்த எண்ணெய் குடலுக்குள் சோப்பாகத் திரண்டு வந்திருக்கிறது, அவ்வளவுதான். நிஜமாகவே பித்தப்பையில் கல் இருப்பவர் இந்த எண்ணெயைக் குடித்தால், கல் கிளம்பிப் பித்தக் குழாயில் அடைத்துக்கொள்ளலாம். சிறுநீரகம் பழுதானவருக்கு எப்சம் உப்பின் மெக்னீசியமே ஆபத்து.

கீழாநெல்லியைப் பற்றி எழுதாவிட்டால் ஊரில் விடமாட்டார்கள். 1988இல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஹெபடைடிஸ் பி கிருமி உள்ளவர்களுக்கு ஒரு மாதம் கீழாநெல்லி கொடுத்துப் பார்த்தார்கள். 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வெற்று மருந்து (மருந்துச் சரக்கே இல்லாதது) சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி. அதுவும் லான்செட்டில் வந்தது, நமக்கெல்லாம் பெருமை. ஆனால் அதற்குப் பிறகு மற்ற இடங்களில் செய்தபோது அந்த முடிவு திரும்பக் கிடைக்கவில்லை. அப்படியானால் ஊரில் மஞ்சள் காமாலைக்குப் பச்சிலை தின்றவனெல்லாம் பிழைத்தது எப்படி? கெட்ட தண்ணீரில் வருகிற ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே போய்விடும். 2024இல் எர்ணாகுளம் மாவட்டம் வேங்கூர்ப் பஞ்சாயத்தில் குடிதண்ணீர் கெட்டு 200 பேருக்கு மேல் அந்தக் காமாலை வந்ததே, அது போன்றது. குணமாகிற நோய்க்கு எவன் மருந்து கொடுத்தாலும் கைராசிக்காரன்தான்.

இயற்கைப் பொருள் என்ன செய்துவிடும் என்று கேட்பவர்களுக்கு எங்கள் மண்ணிலேயே உதாரணம் உண்டு. மீன் குழம்பில் புளிக்குப் பதிலாகப் போடுகிற பிலிம்பிக்காய், மலையாளத்தில் இரும்பன்புளி. கொலஸ்டிரால் குறையும் என்று கேரளத்தில் அதைப் பிழிந்து சாறாகக் குடித்த 10 பேருக்குச் சிறுநீரகம் செயலிழந்ததை மருத்துவர்கள் 2013இல் பதிவு செய்தார்கள். அதில் 7 பேருக்கு டயாலிசிஸ். குழம்பில் நாலு காய் கிடந்தால் ஒன்றுமில்லை. வெறும் வயிற்றில் டம்ளர் கணக்கில் சாறு போனால், அதிலிருக்கும் ஆக்சலேட் என்ற உப்பைச் சிறுநீரகம் தாங்காது. கொரோனா காலத்தில் சீந்தில் கொடிக் கஷாயம் குடித்துக் கல்லீரல் வீங்கியவர்களைப் பற்றி மும்பையிலிருந்து 2021இல் கட்டுரை வந்தது. பாரம்பரிய மருத்துவத்தைப் பார்க்கும் மத்திய அரசின் ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது, வேறு கொடியை மாற்றிக் குடித்திருப்பார்கள் என்றது. சரி, ஆய்வு செய்யும் டாக்டருக்கே கொடி மாறிப்போகும் என்றால் வேலியில் பறித்துக் காய்ச்சுகிறவன் கதி என்ன? ஆயுர்வேதக் கடையில் விற்கும் அரிஷ்டம் இன்னொரு கூத்து. அது நொதித்து வருவது, பியர் அளவுக்கு ஆல்கஹால் இருக்கும். குடியை விட்டவர் பசிக்கு என்று அதை இரண்டு வேளை ஊற்றிக்கொள்கிறார்.

வலி விஷயத்தில் எனக்கு இயற்கை வைத்தியர்கள்மேல் கூடுதல் மரியாதை. இங்கே ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் விடியும் முன்பே எழுந்து, மேடும் பள்ளமுமாக மரத்துக்கு மரம் குனிந்து நிமிர்கிறார்கள். முட்டும் இடுப்பும் போகாமல் என்ன செய்யும்? அவர்களுக்குக் கிடைப்பது மெடிக்கலில் பொட்டலம் கட்டித் தரும் செட் மாத்திரை. அதில் என்ன இருக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரியாது. பாரசிட்டமால் ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரு நாளைக்கு 4 கிராம் வரைதான், தாண்டினால் கல்லீரலைக் கெடுக்கும். 650 மில்லிகிராம் மாத்திரை ஆறு போட்டாலே ஏறக்குறைய அந்த எல்லை. வலி மாத்திரை பலவற்றில் 325 மில்லிகிராம், சளி மாத்திரையில் 500 என்று அது ஒளிந்து கிடக்கும். சாயங்காலம் குடிக்கிற ஆளுக்கு அந்த எல்லை இன்னும் கீழே. 'மாத்திரையை வீசு, எண்ணெய் தேய், வெந்நீர் ஒத்தடம் கொடு, தொடைக்குப் பயிற்சி செய்' என்று ஆசானும் இயற்கை வைத்தியரும் சொல்வது முட்டுவலிக்கு நல்ல யோசனை. கெடுப்பது லேபிள் இல்லாத மூட்டுவலிப் பொடி. ரெண்டே நாளில் வலி பறந்தது, ரெண்டே மாதத்தில் முகம் உப்பியது என்றால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். பயந்துபோய்ச் சட்டென்று நிறுத்தவும் கூடாது, உடம்பு குலைந்து விழுந்துவிடும். பொடியோடு டாக்டரிடம் போங்கள்.

இன்பாக்ஸில் 'ஏற்கெனவே குடித்துக்கொண்டிருக்கிறேன், என்ன செய்ய' என்று கேட்பவர்களுக்கு. கஷாயத்தை நிறுத்திவிட்டு, கல்லீரல் நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான லிவர் ஃபங்ஷன் டெஸ்ட் எடுங்கள். டாக்டரிடம் பாட்டிலையும் பொட்டலத்தையும் கொண்டுபோய்க் காட்டுங்கள், திட்டுவார் என்று மறைக்காதீர்கள். கண் மஞ்சளித்தவர் பேச்சில் தடுமாறினாலோ, பகலெல்லாம் தூங்கி வழிந்தாலோ, ரத்த வாந்தி எடுத்தாலோ, காமாலை வந்தவர் கர்ப்பிணியாக இருந்தாலோ, பச்சிலைக்குப் போகாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.